கிணற்றைக் காக்கும் செலவு யார் தலையில்?

அண்மையில் கமக்காரர் சிலர் கூடியிருந்த ஓர் ஒன்றுகூடலில் சுற்றாடல் சட்டங்களைப் பற்றிய பேச்சு எழுந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் நெடுநேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில் எழுந்து, "தம்பி, உந்தச் சட்டமெல்லாம் ஆருக்கு? நான் முப்பது வருசமாய் ஆற்றையோ காணியில குத்தகைக்குச் செய்யிறன். என்ர சொந்தக் காணிக்குள்ள பத்தை வளர்ந்து காடாய்க் கிடக்கு. தண்ணியைக் காக்க வேணும், காட்டைக் காக்க வேணும் எண்டு சொல்லுறியள். சரி, காப்பம். அதுக்குக் காசு ஆர் தாறது?" என்று கேட்டார்.

சபையில் சிலர் சிரித்தார்கள். ஆயினும் அது சிரித்துவிட்டுப் போகும் கேள்வியன்று. பொருளியல் படித்தவர்கள் நூறு ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வியையே அந்தப் பெரியவர் ஒரே வசனத்தில் கேட்டுவிட்டார். சுற்றாடலைக் காப்பதற்குச் செலவு உண்டு; காக்காமல் விடுவதற்கும் செலவு உண்டு. அந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதே கேள்வி. இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களாகிய எமக்கு இக்கேள்வி மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே உறைக்கும்.

விலையில் சேராத செலவு

ஓர் அந்தர் வெங்காயத்தின் அடக்கவிலையைக் கணக்கிடும்போது விதை, பசளை, கிருமிநாசினி, மண்ணெண்ணெய், கூலி, குத்தகை ஆகியவற்றை எழுதுகிறோம். அந்தப் பசளையில் பயிர் எடுக்காமல் விட்ட பங்கு மண்ணுக்குள் இறங்கி, பக்கத்து வீட்டுக் கிணற்றில் கலப்பதை எந்தக் கொப்பியிலும் எழுதுவதில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் கைக்குழந்தையின் வைத்தியச் செலவையும் எழுதுவதில்லை. வாங்குபவரும் கொடுப்பதில்லை, விற்பவரும் கொடுப்பதில்லை. மூன்றாவது ஆள் ஒருவர் கொடுக்கிறார்.

பிகு என்னும் ஆங்கிலேயப் பொருளியலாளர் 1920 இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். ஒருவருடைய தொழிலால் மற்றவருக்கு ஏற்படும் நட்டம் விலையில் சேராதபோது, அத்தொழில் அளவுக்கு மிஞ்சி நடக்கும். ஆகவே அந்த நட்டத்துக்கு ஈடான வரியை விதித்துத் தொழில் செய்பவர் அதனை உணரச் செய்ய வேண்டும் என்பது அவருடைய கருத்து. 1992 இல் றியோ நகரில் கூடிய நாடுகள் ஏற்றுக்கொண்ட "மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்" என்ற கோட்பாட்டின் வேர் இதுவே. கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் எமது மண்ணில் இது எப்படி நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

சுன்னாகம் சொல்லும் பாடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையே எமது ஆறு. அது சுண்ணக்கற் பாறைகளின் வெடிப்புகளூடாக இறங்கி, நிலத்தின் கீழ் உவர்நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கிறது. வலிகாமத்தின் செம்மண்ணும் அதன்கீழ் உள்ள பாறையும் தண்ணீரை விரைவாக உள்ளே விடுவன. தண்ணீர் விரைவாக இறங்குமிடத்தில் அழுக்கும் விரைவாக இறங்கும்.

சுன்னாகம் பகுதியில் மின்னுற்பத்தியோடு தொடர்புபட்ட கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தது யாவரும் அறிந்த விடயம். இதுபற்றி 2015 இல் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட அடிப்படை உரிமை வழக்கில் 2019 ஏப்பிரலில் தீர்ப்பு வந்தது. சம்பந்தப்பட்ட தனியார் மின் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கென 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று நீதிமன்றம் பணித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு வடபகுதிக் கிணறு ஒன்றின் பொருட்டுச் சொல்லப்பட்டது பெரிய காரியம். இதை நாம் மறக்கக்கூடாது.

அதேவேளை இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வழக்குத் தாக்கலுக்கும் தீர்ப்புக்கும் இடையில் நான்கு ஆண்டுகள் சென்றன. அந்த ஆண்டுகளில் பவுசரில் வந்த தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களின் நேரத்துக்கு யார் விலை போட்டார்கள்? தோட்டம் செய்யப் பயந்து விட்ட போகங்களை யார் எண்ணினார்கள்? வந்தபின் நட்டஈடு பெறுவதைவிட வருமுன் தடுப்பது மலிவு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும், 1988 இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் ஏற்படுத்திய அனுமதிப்பத்திர முறை இதற்காகவே இருக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. கிணற்றடிக்கு வரத்தான் தாமதித்தது.

எமது கையிலும் அழுக்கு உண்டு

மற்றவரைக் குறைகூறும்போது எம்மையும் பார்க்க வேண்டும். எண்ணெய் கண்ணுக்குத் தெரியும், மணக்கும். நைத்திரேற்று தெரியாது, மணக்காது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்தின் பல தோட்டக் கிணறுகளில் இந்த அளவு மீறப்பட்டிருப்பதை 1980 களிலிருந்தே ஆய்வுகள் காட்டி வருகின்றன. யூரியாவும், அளவுக்கு மிஞ்சிய எருவும், கிணற்றுக்கு அருகில் வெட்டிய மலகூடக் குழிகளும் இதற்குக் காரணங்கள். கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலுவை இது குறைக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது என்பதைத் தாய்மார் கவனத்தில் வைத்திருக்க வேண்டும்.

நாம் ஏன் இவ்வளவு பசளை போட்டோம்? பேராசையாலா? பொருளியல் கண்ணோடு பார்த்தால் விடை வேறு. 1962 தொடக்கம் அரசாங்கம் பசளைக்கு மானியம் கொடுத்து வந்தது. 2005 இன் பின் நெற்செய்கைக்கு 50 கிலோ மூடை 350 ரூபாவுக்குக் கிடைத்தது. நெல்லுக்குக் கொடுத்த மூடை தோட்டத்துக்கும் போனது எமக்குத் தெரியாததல்ல. மண்ணெண்ணெயும் நெடுங்காலம் குறைந்த விலையில் விற்கப்பட்டதால், துலா மிதித்த காலத்தில் இறைத்ததைப் போலப் பல மடங்கு தண்ணீரை இயந்திரத்தால் இறைத்தோம். மலிவாகக் கிடைப்பதை மனிதர் அதிகமாகப் பாவிப்பார்கள். அது கமக்காரரின் குணக்கேடு அன்று. விலை கற்றுக்கொடுத்த பழக்கம்.

அப்படியானால் விலையை மாற்றினாற் போதுமா? 2022 ஓகஸ்ட் 22 இல் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. தண்ணீர் மிச்சப்பட்டிருக்கலாம். ஆனால் நின்றுபோனது யாருடைய இயந்திரம்? மின்மோட்டர் பூட்ட வசதியுள்ளவர் மாறிக்கொண்டார். குத்தகைக் காணியில் நிற்பவர் மற்றவருடைய கிணற்றில் எப்படி மோட்டர் பூட்டுவது? விலை ஒன்றே. அது தாக்கும் விதம் ஒன்றல்ல. இதைப் புரிந்துகொள்ளாத கொள்கை எவ்வளவு நல்ல நோக்கத்தோடு வந்தாலும் ஏழையின் அடுப்படியில்தான் போய் நிற்கும்.

ஒரே போகத்தில் ஒரு புரட்சி

இதற்கு நாட்டின் மிகப் பெரிய உதாரணம் 2021 ஆம் ஆண்டு. பத்து ஆண்டுகளில் சேதனப் பசளைக்கு மாறுவதாக 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் சொல்லப்பட்டது. ஆனால் 2021 மே மாதம் வெளியான வர்த்தமானி அறிவித்தலின் மூலம் இரசாயனப் பசளை, கிருமிநாசினி ஆகியவற்றின் இறக்குமதி ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டது. நிலத்தையும் நீரையும் மக்களின் சுகத்தையும் காப்பதற்கு என்று காரணம் கூறப்பட்டது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் அதன் பின்னால் இருந்தது.

நோக்கத்தை நாம் பழிக்கவில்லை. நைத்திரேற்றுக் கலந்த கிணற்றைப் பற்றி மேலே எழுதிய கை சேதனப் பசளையைப் பழித்து எழுதாது. ஆனால் நடந்தது என்ன? 2021/22 பெரும்போகத்தின் நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தோடு ஒப்பிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. நவம்பர் மாதம் தடை நீக்கப்பட்டபோது விதைப்புக் காலம் கடந்துகொண்டிருந்தது. பசளைக்குக் கொடுக்காத டொலரைத் தேடி அரிசிக்குக் கொடுக்க வேண்டி வந்தது. தடைக்கு முன் சந்தையில் 1,500 ரூபா அளவில் விற்ற யூரியா மூடை, 2022 சிறுபோகத்தில் இந்தியக் கடனில் வந்தபோது அரச விலையிலேயே 10,000 ரூபாவாக இருந்தது. கறுப்புச் சந்தை விலையைச் சொல்ல வேண்டியதில்லை.

சேதனப் பசளை ஆகாயத்திலிருந்து வராது. அதற்கு மாடு வேண்டும், ஆடு வேண்டும், குழை வெட்ட வேலி வேண்டும், சேர்த்து வைக்க நிலம் வேண்டும், பொறுத்திருக்கக் காலம் வேண்டும். எமது பெற்றோர் பூவரசங்குழையும் வேப்பங்குழையும் தாழ்த்தித் தோட்டம் செய்தவர்கள். பட்டியடைத்து வயலுக்கு உரமேற்றியவர்கள். அது எமக்குப் புதிய வித்தையன்று. ஆனால் 1995 இல் வலிகாமத்தை விட்டு நடந்தபோதும், 2009 இல் வன்னியிலிருந்து முகாம்களுக்குப் போனபோதும் பட்டிகளை அவிழ்த்து விட்டுவிட்டுத்தானே போனோம்? வேலிகளை யார் வைத்திருந்தார்கள்? மாடும் வேலியும் உள்ளவருக்கு அந்தத் தடை ஒரு சிரமம். இல்லாதவருக்கு அது ஒரு போகத்தின் சோறு. எல்லோருக்கும் சமமாக எழுதப்பட்ட ஒரு வரி, எல்லோர் மேலும் சமமாக விழவில்லை.

உரிமைச் சீட்டு இல்லாதவர் பேரம் பேசுவது எப்படி?

பிகுவுக்கு மாற்றாக வேறொரு கருத்தைக் கோஸ் என்ற பொருளியலாளர் 1960 இல் முன்வைத்தார். யாருக்கு என்ன உரிமை என்பது தெளிவாக இருந்து, பேசித் தீர்ப்பதற்குச் செலவும் அதிகமில்லாவிட்டால், பாதிப்பவரும் பாதிக்கப்படுபவரும் தாமே பேசி ஓர் ஒழுங்குக்கு வரலாம் என்றார் அவர். இந்தக் கருத்திலுள்ள "இருந்தால்" என்ற சொல்லிலேதான் எமது துன்பம் முழுவதும் இருக்கிறது. உறுதி எரிந்துபோனவர், போமிற் தொலைந்தவர், பெற்றோரின் பெயரிலேயே காணி நிற்பவர், எல்லைக்கல் எங்கே என்று அறியாதவர், இவர்கள் எந்த உரிமையை மேசையில் வைத்துப் பேசுவார்கள்?

வன்னியில் மீளக்குடியேறிய பலர் தாம் முன்பு செய்த வயலிலும் மேட்டுக்காணியிலும் வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கற்களைக் கண்டார்கள். மனிதர் இல்லாத இருபது வருடத்தில் மரம் வளர்ந்துவிட்டது. வான்படத்தில் பார்ப்பவருக்கு அது காடு. விட்டுப்போனவருக்கு அது வயல். மன்னார் முசலிப் பகுதியிலும் இவ்வாறே நடந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் ஊர்களை அண்டிய மறிச்சுக்கட்டி, கரடிக்குளி காடுகள் 2012 இல் ஒதுக்கக் காடுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. பின்னர் மீள்குடியேற்றத்துக்காகக் காடழித்தது சட்டவிரோதம் என்று 2020 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, மீண்டும் மரம் நடும் செலவை ஒரு முன்னாள் அமைச்சர் ஏற்க வேண்டும் எனப் பணித்தது.

காடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. காடு இல்லாவிட்டால் குளத்துக்கு நீர் இல்லை. குளம் இல்லாவிட்டால் வயல் இல்லை. நாம் கேட்பது வேறு. காட்டின் நன்மை நாடு முழுவதற்கும் போகிறது. அதன் செலவு மட்டும் ஏன் திரும்பி வந்த ஒரு சிலரின் தலையில் விழ வேண்டும்? ஒருவருடைய வயலைப் பொது நன்மைக்கு எடுத்தால் மாற்றுக் காணியோ நட்டஈடோ கொடுப்பதே கணக்கு. ஊரில் ஆள் இல்லாத காலத்தில் ஒட்டிய அறிவித்தலை, வாசிக்க ஆள் இருந்த அறிவித்தலாகக் கொள்ளுதல் நியாயமாகாது.

எப்பாவலைக் கமக்காரர் செய்தது

மனம் தளர வேண்டியதில்லை. அநுராதபுரம் மாவட்டத்து எப்பாவலையில் 1971 இல் கண்டுபிடிக்கப்பட்ட பொசுபேற்றுப் படிவை, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் கூட்டு முயற்சிக்கு முப்பது ஆண்டுகளுக்குக் கொடுப்பதற்கு ஓர் ஒப்பந்தம் வரையப்பட்டது. பல்லாயிரம் மக்கள் இடம்பெயர வேண்டியிருக்கும். பழைய ஜய கங்கைக் கால்வாயும் ஆபத்துக்குள்ளாகும். அவ்வூர் மக்கள் ஏழு பேர் உயர் நீதிமன்றம் சென்றார்கள். அவர்களுள் கமக்காரரும் ஒரு பிக்குவும் இருந்தார்கள். 2000 ஜூன் மாதம் வெளியான தீர்ப்பு, முழுமையான ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் இல்லாமல் ஒப்பந்தம் செய்யக்கூடாது எனத் தடுத்தது. வருங்காலச் சந்ததியின் பங்கையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது.

இது எமக்குச் சொல்லும் செய்தி என்ன? சுற்றாடல் சட்டம் கமக்காரனைத் துரத்தும் தடியாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. கமக்காரன் பிடித்து நிற்கும் ஊன்றுகோலாகவும் இருக்கலாம். இடம்பெயரப்போன சிங்களக் கமக்காரருக்கு அன்று அது ஊன்றுகோலானது. சுன்னாகத்தவருக்கும் ஓரளவு ஆனது. சட்டத்தை நாம் அறியாதவரை மட்டுமே அது தடி.

நாம் செய்யக்கூடியவை

தடையும் வரியும் மட்டுமே வழிகள் அல்ல. எலினோர் ஒஸ்ட்ரொம் என்ற அமெரிக்க அம்மையார், பொதுச் சொத்தைப் பாவிப்பவர்களே தமக்குள் விதி செய்து காத்துக்கொள்ள முடியும் என்பதைப் பல நாட்டு உதாரணங்களோடு 1990 இல் ஒரு நூலாக எழுதினார். 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசையும் பெற்றார். அவர் எடுத்துக்காட்டிய இடங்களுள் எமது நாட்டின் கல்லோயாவும் ஒன்று. 1980 களில் அங்கே இடதுகரை வாய்க்காலில் கமக்காரர் சிறு குழுக்களாகச் சேர்ந்து, முறைவைத்துத் தண்ணீரைப் பங்கிட்டார்கள். தலைவாய்க்காலில் உள்ளவர் விட்டுக்கொடுத்ததால் கடைசி வாய்க்காலுக்கும் நீர் போய்ச் சேர்ந்தது. பொலிஸ் வந்து செய்த காரியமன்று அது.

எனவே எமது பக்கத்திலிருந்து சிலவற்றைத் தொடங்கலாம். கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதித்து, பசளையைப் பல தடவைகளாகப் பிரித்துப் போடுவது பணத்தையும் மிச்சப்படுத்தும். கேணி, குளம், துரவு ஆகியவற்றைத் தூர்வாரி மழைநீரை நிலத்துக்குள் இறக்குவது ஊர் கூடிச் செய்யும் வேலை. குத்தகைக் காணியில் இருப்பவர் அடுத்த போகம் அங்கே இருப்போமா என்று தெரியாமல் குழை தாழ்த்த மாட்டார். ஆகவே காணிச் சொந்தக்காரர் சில ஆண்டுகளுக்குக் குத்தகையை எழுத்தில் கொடுப்பதும் சுற்றாடலைக் காக்கும் காரியமே.

அதிகாரத்தில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டியதையும் கேட்போம். கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அமைந்த கமக்காரர் அமைப்புகள் பசளை பங்கிடுவதற்கு மட்டும் உரியவை அல்ல. தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒன்று வந்தால், பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. அந்த 30 நாட்களுள் கூட்டம் கூட்டுங்கள். எந்தப் புதிய ஒழுங்குவிதி வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதனால் நன்மை பெறுபவர் யார்? செலவை ஏற்பவர் யார்? இருவரும் ஒருவரல்லாவிட்டால், முன்னவரிடமிருந்து பின்னவருக்கு எதைக் கொடுக்கப்போகிறீர்கள், எவ்வளவு காலத்துக்கு?

அந்தப் பெரியவரின் கேள்விக்கு எமது விடை இதுதான். ஐயா, கிணற்றைக் காக்கும் செலவில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் முழுவதும் உங்களுடையதல்ல. உங்கள் பங்கை நீங்கள் கொடுங்கள். மற்றவர்களின் பங்கைக் கேட்டு வாங்குங்கள். சொந்தக் காணிக்குத் திரும்பும் நாளில் அங்கே குடிக்கத்தக்க தண்ணீர் இருக்க வேண்டும் அல்லவா? காணி மீண்டு, கிணறு கெட்டுப்போயிருந்தால், நாம் திரும்பிப் போவது எங்கே?